நூற்று நாற்பது சென்டிமீட்டர் பந்தல்

கூக்கா தன் நாற்பத்தோராம் வயதுக்குள் பதினாறு பேரை அடித்திருந்தாள். முழுப்பெயர் ரெஃபூகியோ அர்மெந்தா. அந்தப் பெயரில் அவளை யாரும் கூப்பிட்டதில்லை. 1940 மார்ச்சில், மெக்சிகாலிப் பள்ளத்தாக்கில், ஒரு பருத்திப் பண்ணையின் கூலிக் குடிசையில் பிறந்தவள். முதல் அடி பதினொரு வயதில். பருத்தி நிறுக்கும்போது தராசுத் தட்டுக்கு அடியில் பூட்ஸ் காலை முட்டுக்கொடுத்த மேஸ்திரியை, இருபத்திரண்டு கிலோ மூட்டையாலேயே இடித்துக் கீழே தள்ளினாள். அவன் மூக்கு உடைந்தது. பதினாறாவது அடி 1981 மே மாதம், தண்ணி லாரிக்காரனுக்கு. வரிசையில் அவளுடைய டிரம்மைத் தாண்டி அடுத்த வீட்டு டிரம்முக்குக் குழாயை நகர்த்தியிருந்தான்.

இந்தப் பதினாறில் புருஷன் லிப்ராதோ கோத்தா இல்லை.

"என்னை மட்டும் ஏண்டி விட்டு வச்சிருக்கே?" என்று அவன் படுத்தபடியே கேட்பான்.

"நீதான் ஏற்கெனவே அடிபட்டுக் கெடக்கியே கிழவா. உன்னை அடிச்சா கணக்குல சேராது."

லிப்ராதோ கொத்தனார். 1978 செப்டம்பர் 9 சனிக்கிழமை, பருத்தி ஆலைக் கூரையிலிருந்து ஐந்து மீட்டர் கீழே விழுந்தான். கழுத்தெலும்பு முறிந்தது. கைகள் கொஞ்சம் அசையும். நெஞ்சுக்குக் கீழே ஒன்றுமில்லை. வாய்க்கு மட்டும் ஒரு குறையும் வரவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது டாக்டர் கூக்காவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "இவருக்கு நெஞ்சுக்குக் கீழ வேர்க்காதும்மா. வேர்க்காத உடம்பு அடுப்புல ஏத்தின பானை மாதிரி. சூடு ஏறும், இறங்காது. அறை முப்பத்தாறு டிகிரியைத் தாண்ட விடாதீங்க."

அவர்கள் இருந்தது எல் சலித்ரேயில். ஊருக்குக் கிழக்கே, உப்புப் பூத்த தரையில், இருநூற்றுப் பன்னிரண்டு வீடுகள். மின்சாரம் கிடையாது. தண்ணீர் செவ்வாயும் வெள்ளியும் லாரியில் வரும். அறுநூற்றுப் பத்து மீட்டர் தள்ளிப் பாசனக் கால்வாய். அதன் தண்ணீர் வயல்களுக்கு. எடுத்தால் காவல்காரன் அடிப்பான்.

1979 ஜூலையில் கூக்கா மருந்துக்கடை வெப்பமானி ஒன்றை லிப்ராதோவின் தலைமாட்டில் தொங்கவிட்டாள். பிற்பகல் மூன்று மணிக்கு நாற்பத்து மூன்று காட்டியது. அவன் செத்துப்போன தன் அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தான். அன்று ஈரத்துணியால் அவனைத் துடைத்துத் துடைத்தே ராத்திரிவரை கொண்டுபோனாள். மறுநாள் காலை வெயிலோடு சண்டை தொடங்கினாள்.

மற்றச் சண்டைகளைப் போல் அல்ல இது. இதற்கு அவள் பொறுமையாக அளந்தாள். வீடு பச்சைச் செங்கல் சுவர்; கூரை பலகை, தார்த்தாள், அதன்மேல் நாலு விரல் கனம் மண். முதலில் சுண்ணாம்பு. சந்தையில் விற்கும் பொடி அல்ல, சூளையிலிருந்து கல்லாக வரும் சுட்ட சுண்ணாம்பு, அதுதான் மலிவு. சப்பாத்திக்கள்ளி மடல்களை நறுக்கி ஒரு வாளியில் ஊறவைத்தால் மறுநாள் கோழைபோல் நீண்டு வரும். தண்ணீர் விட்டு நீற்றிய சுண்ணாம்பில் அந்தக் கோழையையும் ஒரு கை உப்பையும் கலந்து கூரைமேல் மூன்று பூச்சு. மழையிலும் கரையாது. வெள்ளையடித்த அன்று மூன்று மணிக்கு முப்பத்தொன்பது.

அடுத்தது பந்தல். இதற்கு யோசனை அவள் பிறந்த பண்ணையிலிருந்து வந்தது. பண்ணையில் கோவேறு கழுதைகளின் கொட்டகைக்கு இரண்டு கூரை, ஒன்றின்மேல் ஒன்று, நடுவில் காற்றுப் போக இடைவெளி. கூலிக்காரர் குடிசைக்கு ஒன்று. சின்ன வயதில் அது அவளுக்கு உறைக்கவில்லை. முப்பத்தொன்பது வயதில் உறைத்தபோது, கழுதைகளுக்குக் கொடுத்ததைத் தன் புருஷனுக்குக் கொடுத்தாள். சீமைக்கருவேலக் கால்கள் ஆறு; மேலே வடிகால் கரையில் மண்டிக்கிடக்கும் கச்சனீயாச் செடியை அறுத்துக் கற்றை கற்றையாகக் கட்டிப் பரப்பினாள். வீட்டுக் கூரைக்கும் பந்தலுக்கும் நடுவே நாற்பது சென்டிமீட்டர். மேற்கே மட்டும் சுவரைத் தாண்டி நூற்று நாற்பது சென்டிமீட்டர் நீட்டினாள், ஒரு மணிக்குமேல் சாயும் வெயில் லிப்ராதோ படுத்திருக்கும் சுவரில் படாதபடி. முப்பத்தாறு. பிறகு மேற்கு, வடக்கு ஜன்னல்களில் சாக்குகளைத் தொங்கவிட்டு மணிக்கு ஒருமுறை நனைத்தாள். முப்பத்து மூன்று.

"கூக்கா, போர்வை எடுத்துக் குடு, குளிருது," என்றான் லிப்ராதோ. பொய்தான். ஆனால் அன்றைக்கு அவன் முழுத் தட்டு அவரைக்கொட்டையும் நாலு சோள ரொட்டியும் தின்றான்.

இரண்டு வருஷத்தில் நாற்பத்தேழு வீடுகளுக்கு அவள் கூரையில் சுண்ணாம்பு அடித்துக் கொடுத்தாள். அடிக்க விடாதவர்களில் ஒருவன் நபோர் சிக்கேரோஸ்.

நபோர், கட்டிக்கொடுத்து வெளியூர் போய்விட்ட அவளுடைய மகள் ஒப்துலியாவுக்கு ஞானஸ்நானத்தில் கைப்பிடித்த ஞானத்தந்தை. அதனால் அவளுக்கு அவன் கொம்பாத்ரே, அவனுக்கு அவள் கொமாத்ரே. இந்த உறவு ரத்தத்தைவிடக் கனமானது. பதினெட்டு வருஷமாக இரண்டு வீட்டாரும் ஒருவரை ஒருவர் 'நீங்க' என்றுதான் சொல்வார்கள். குடிபோதையிலும் அது மாறாது. நபோரின் வீட்டுக்குப் புதுத் தகரக் கூரை. மூன்று தடவை கூக்கா சுண்ணாம்பு வாளியோடு போய் நின்றாள். "வேண்டாங்க கொமாத்ரே, தகரம் பளபளன்னு இருக்கு, கெடுத்துப்புடாதீங்க," என்று மூன்று தடவையும் சிரித்து அனுப்பினான்.

1980 ஆகஸ்ட் 11 பகல், அந்தத் தகரத்தின் கீழே, நபோரின் ஐந்து மாத ஆண்குழந்தை வெக்கையில் இறந்தது. இழவு வீட்டில், சவப்பெட்டிக்கு முன்னால், எல்லோரும் கேட்கும்படி கூக்கா சொன்னாள்: "மூணு தடவை வந்தேன். ஒரு வாளிச் சுண்ணாம்பு அடிச்சிருந்தா பிள்ளை இருக்கும்."

அவள் கொடுத்த எந்த அடியையும்விட அந்த வார்த்தைதான் பலமாக விழுந்தது. அன்றிலிருந்து நபோருக்கு ஒரே நினைப்பு: மின்சாரம். ஒரு மின்விசிறி. அடுத்த வருஷம் அவன் மனைவி தொமாசாவுக்கு மறுபடி பிள்ளை உண்டாகியிருந்தது. ஆகஸ்டில் பிறக்கும் என்றார்கள்.

1981 ஜூலை 14 செவ்வாய்க்கிழமை காலை, குடியிருப்புக் கமிட்டித் தலைவர் எவரிஸ்தோ லூகோ முடிச்சுப் போட்ட அளவுக் கயிறோடு வந்தார். மீட்டருக்கு ஒரு முடிச்சு. பழைய டிராக்டர் மெக்கானிக். ஆறு வருஷம் ஆபீஸ் ஆபீஸாக அலைந்து மின்கம்பங்களை வாங்கியவர். கயிற்றின் ஒரு முனையைப் பந்தற்காலில் சுற்றி மறுமுனைக்கு நடந்தார்.

"கூக்கா, ஒன்னு நாப்பது தெருவுல இருக்கு."

"தெரிஞ்சதை ஏன் அளக்குறீங்க? நட்டதே நான்தான்."

"வியாழக்கிழமை கம்பம் நட ஆள் வர்றாங்க. வரிசை நேரா இல்லைன்னா அடுத்த குடியிருப்புக்குப் போயிடுவோம்னு எழுத்துலயே குடுத்துட்டாங்க. இருநூத்துப் பன்னெண்டு வீடு, கூக்கா."

"அக்டோபர்ல நானே பிரிச்சுத் தர்றேன். வெயில் தணியட்டும்."

"அக்டோபர்ல அவங்க வர மாட்டாங்க."

"இப்பப் பிரிச்சா இவன் சாயங்காலம் வரைக்கும் இருக்க மாட்டான்."

உள்ளேயிருந்து லிப்ராதோ குரல் கொடுத்தான். "எவரிஸ்தோ! கம்பத்தை என் நெஞ்சுல நடுங்க. எனக்குத்தான் ஒன்னும் தெரியாதே!"

எவரிஸ்தோ சிரிக்கவில்லை. "நாளைக்கு ஆளோட வருவேன்," என்று கயிற்றைச் சுருட்டினார்.

"ஆளோட வாங்க. ஆஸ்பத்திரிக்கு வழி தெரிஞ்ச ஆளாக் கூட்டிட்டு வாங்க."

அன்று தண்ணி லாரி வரவில்லை. எல் சலித்ரே முழுவதும் பானைகள் காய்ந்தன. கூக்காவிடம் மட்டும் இருநூறு லிட்டர் டிரம் ஒன்று மூடியோடு நிரம்பியிருந்தது; முந்தின வாரம் முழுக்கத் தானும் குளிக்காமல், பாத்திரத்தை மணலால் தேய்த்து மிச்சம் பிடித்தது. சாக்குகளுக்கு நாளைக்கு அறுபது லிட்டர் வேண்டும். வெள்ளிவரை தாங்கும்.

புதன்கிழமை காலை அவள் மறுபூச்சுக்குச் சுண்ணாம்பு நீற்றிக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வடக்கே, பாதியாக அறுத்த டிரம்மில் பதினெட்டுக் கிலோ கல். காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று, நீளக் கைப்பிடி போட்ட தகரக் குவளையால் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விடவேண்டும். கல் உறுமும், வெடிக்கும், வெள்ளை ஆவி கிளம்பும். அடங்கக் காத்திருந்து மறுபடி விடவேண்டும். அவசரப்பட்டால் அது திரும்பி அடிக்கும். பாதி நீறியிருந்தபோது மணி பதினொன்று இருபது. வெளியே நாற்பத்து நாலு டிகிரி. நபோரின் பிக்கப் வண்டி வந்து நின்றது.

பின்னால் ஒன்பது ஆண்கள், தொமாசா, இன்னும் சில பெண்கள். எவரிஸ்தோ கையில் கயிறு. நபோர் இறங்கி, வண்டியின் பின்கொக்கியில் மாட்டிய சங்கிலியை இழுத்துக்கொண்டு தென்மேற்குப் பந்தற்காலுக்கு நடந்தான்.

கூக்கா சுண்ணாம்புத் தூரிகையின் கம்பை எடுத்துக்கொண்டு அவனுக்கு எதிரே நின்றாள். ஒன்றரை மீட்டர் நீளம்.

"கொம்பாத்ரே, அந்தச் சங்கிலியைக் கீழ போடுங்க."

"தள்ளு," என்றான் நபோர்.

பதினெட்டு வருஷத்தில் முதல் தடவையாக மரியாதை இல்லாமல். தொமாசா வாயில் கை வைத்தாள். கூக்காவுக்கும் ஒரு நொடி கம்பு தாழ்ந்தது.

"என்னன்னு சொன்னீங்க?"

"தள்ளுன்னு சொன்னேன். என் பிள்ளை செத்தப்ப நீ நியாயம் பேசினே. இப்ப உன் புருஷனுக்காக இருநூத்துப் பன்னெண்டு வீடு வேகணுமா? தொமாசா வயித்துல இருக்கிறது வேகணுமா?"

"சுண்ணாம்பு அடிங்க. பந்தல் போடுங்க. நானே வந்து போட்டுத் தர்றேன்."

"உன் சுண்ணாம்பை நீயே நக்கு."

எவரிஸ்தோ அவள் தோளைத் தொட்டு விலக்கப் பார்த்தார். அது தவறு. கம்பு திரும்பி அவர் வாயில் இறங்கியது. பல் ஒன்று மண்ணில் விழுந்தது; ரத்தம் அவர் சட்டை முன்னால் கொட்டியது. அவர் பதினேழாவது. பதினெட்டாவதாக ஒருவன் காதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். பிறகு நாலு பேர் சேர்ந்து அவளை மண்ணில் அமுக்கினார்கள். ஒருவன் முழங்காலை அவள் முதுகில் ஊன்றினான். அவள் அவன் கணுக்காலைக் கடித்தாள். அவன் அலறினான், ஆனால் எழுந்திருக்கவில்லை.

"விட்றாதீங்கடா, விட்டா கொன்னுடுவா!"

நபோர் வண்டியில் ஏறி முடுக்கினான். சங்கிலி மண்ணிலிருந்து எழும்பி விறைத்தது. கால் முனகியது. கம்பியால் பின்னிப் பின்னிக் கட்டிய பந்தல் அது. ஒரு காலை இழுத்தால் ஆறும் வரும். வந்தன. உத்திரங்கள் துப்பாக்கி வெடிப்பதுபோல் ஒன்றன்பின் ஒன்றாக முறிந்தன. இரண்டு வருஷத் தூசி எழும்பித் தெருவை மூடியது. அடங்கியபோது வீடு தோலுரித்த ஆடுபோல் வெறுமையாக நின்றது. வெயில் நேராகக் கூரையில் இறங்கியது.

"கூக்கா," என்றது லிப்ராதோவின் குரல் உள்ளேயிருந்து, "யாரு வந்திருக்கா? திடீர்னு இவ்வளவு வெளிச்சம். பரலோகமா?"

யாரோ ஒருவன் சிரித்தான். பிறகு நிறுத்திக்கொண்டான்.

பிடித்திருந்தவர்களின் கை தளர்ந்தது. கூக்கா உதறி எழுந்து வடக்குப் பக்கம் ஓடினாள். முறிந்த உத்திரம் ஒன்று அரை டிரம்முக்கு ஒரு முழம் தள்ளிக் கிடந்தது. டிரம்மில் கற்கள் தண்ணீருக்குக் காத்து, கொதிக்கும் சூட்டில் விரிந்துகொண்டிருந்தன. வெள்ளை ஆவி ஆளுயரத்துக்கு. தகர மூடியை எடுத்து அதை மூடப் போனாள்.

நபோர் வண்டியிலிருந்து குதித்து அவள் பின்னால் ஓடிவந்தான். அவன் பார்த்தது இது: கொதிக்கும் சுண்ணாம்பை நோக்கி ஓடும் கூக்கா, கையில் தகரம். அள்ளி வீசப்போகிறாள் என்று நினைத்தான். எல் சலித்ரேயில் சுண்ணாம்புக்குப் பயந்தவர் யாருமில்லை. தினமும் சோளத்தை அதில்தான் வேகவைக்கிறார்கள், அந்த மாவில்தான் ரொட்டி சுடுகிறார்கள். பிறந்ததிலிருந்து வயிற்றுக்குள் போகிற பொருள். ஆனால் வீட்டு அடுக்களைக்கு வருவது ஏற்கெனவே நீறிச் செத்த பொடி. உயிருள்ள கல்லை நபோர் பார்த்ததில்லை. சூடாக இருப்பதைக் குளிர வைக்கத் தண்ணீர் ஊற்றினால் போதும் என்று நினைத்தான். சாக்கு நனைக்க வைத்திருந்த வாளியைத் தூக்கினான்.

"தண்ணி ஊத்தாதீங்க!" என்று கூக்கா கத்தினாள். "தண்ணி வேண்டாம்!"

"இப்பவும் தண்ணிக்குக் கருமித்தனமா?" என்று வாளி முழுவதையும் ஒரே வீச்சில் கவிழ்த்தான்.

டிரம் வெடித்தது. வெள்ளைத் தூண் ஒன்று எழும்பி அவன் முகத்தில் அறைந்தது. நபோர் கத்தவில்லை, முதலில் மூச்சுதான் வாங்கினான், நீளமாக. பிறகு கத்தினான். அந்தச் சத்தத்தைக் கேட்டு மூன்றாவது தெருவில் நாய்கள் குரைத்தன. முகத்தைச் சுரண்டிக்கொண்டு மண்ணில் புரண்டான்.

தொமாசா வயிற்றைப் பிடித்துக்கொண்டு பக்கத்து வீட்டிலிருந்து எலுமிச்சை இரண்டு கொண்டு ஓடிவந்தாள். சுண்ணாம்பு கையை அரித்தால் கொத்தனார்கள் எலுமிச்சை தேய்ப்பார்கள். அதை அவன் கண்ணில் பிழியக் குனிந்தாள். கூக்கா அவள் மணிக்கட்டில் ஓங்கி அடித்தாள். எலுமிச்சை உருண்டது.

"கண்ணுல புளிப்பு விட்டா மிச்சமும் வெந்துடும்! தண்ணி. நிறையத் தண்ணி."

"தண்ணிதானே இப்படிப் பண்ணுச்சு!"

"அது கல்லுக்கு. இது கண்ணுக்கு."

யார் வீட்டிலும் தண்ணீர் இல்லை. இரண்டு பெண்கள் ஓடி அரைப் பானை கொண்டுவந்தார்கள். ஒரு தடவை ஊற்றினால் தீர்ந்தது. கால்வாய்த் தண்ணீரில் வயல் மருந்து கலந்திருந்தது. மூடியோடு நின்றது ஒரே டிரம். கூக்கா அதன்மேல் கை வைத்தாள். அங்கிருந்து மேற்கு ஜன்னல் தெரிந்தது. சாக்கின் ஓரங்கள் ஏற்கெனவே வெளுத்துக் காய்ந்திருந்தன.

"கிழவா!" என்று கூப்பிட்டாள்.

"ம்ம். சொல்லு."

"கொஞ்ச நேரம் தாங்குவியா?"

"எங்கயும் எந்திரிச்சுப் போகப் போறேனா? யாருடி அப்படிக் கத்துறது?"

"கொம்பாத்ரே. கண்ணுல சுண்ணாம்பு."

"அப்ப ஏண்டி என்கிட்டப் பேசிட்டு நிக்குறே?" என்றான்.

அவள் மூடியைத் தூக்கி எறிந்தாள். நபோரின் மார்பில் உட்கார்ந்து இரண்டு முழங்கால்களாலும் கைகளை அமுக்கினாள். தலைமுடியைக் கொத்தாகப் பிடித்துப் பக்கவாட்டில் திருப்பி, இமையை விரலால் பிளந்தாள். அவன் அவளை உதைத்தான், கடித்தான், அம்மாவைச் சொல்லித் திட்டினான். அவள் அவன் கன்னத்தில் ஒன்று வைத்தாள். "அசையாதேடா!" அவளும் மரியாதையை விட்டுவிட்டாள். "எவரிஸ்தோ, ஊத்துங்க! வேகமா வேண்டாம். விடாம ஊத்துங்க." எவரிஸ்தோ ரத்தம் வழியும் வாயோடு குவளை குவளையாக மொண்டு ஊற்றினார். வலது கண்ணில் பால்போல் வழிந்தது. இமைக்கடியில் கட்டியிருந்த துணுக்குகளை அவள் சுண்டுவிரல் நகத்தால் எடுத்தாள். ஒவ்வொரு தடவையும் அவன் அலறினான். நாற்பது நிமிஷம். டிரம்மின் அடியில் குவளை உரசிய சத்தம் கேட்டபோது பன்னிரண்டு இருபத்தைந்து.

அவனைப் பிக்கப்பில் படுக்கவைத்துத் தொமாசாவும் இன்னும் இரண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டார்கள். வண்டிப் புழுதி அடங்கியது. அப்போதுதான் கூக்காவுக்கு உறைத்தது, உள்ளேயிருந்து பத்து நிமிஷமாக ஒரு பேச்சும் வரவில்லை என்று.

அறைக்குள் நாற்பத்தொன்று. லிப்ராதோவின் கண் பாதி மூடி, வெள்ளை மட்டும் தெரிந்தது. நெற்றியில் கை வைத்தாள். ரொட்டி சுடும் கல்லில் வைத்ததுபோல் இருந்தது. ஒரு சொட்டு வேர்வையில்லை. உதடு அசைந்தது. அவன் தன் அம்மாவிடம் செங்கல் எத்தனை வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

அவள் வெளியே வந்து எல்லோரையும் பார்த்தாள். ஒன்பது பேரில் ஏழு பேர் நின்றார்கள்.

"பந்தலைத் தூக்கினீங்கல்ல? இப்ப இவனைத் தூக்குங்க. இல்லைன்னா, இன்னைக்கு இங்க ஒருத்தனும் கண்ணோட போக மாட்டான். கல்லு இன்னும் மிச்சமிருக்கு."

மிரட்டலுக்காகத் தூக்கினார்களா, வேறு எதற்காகவாவதா என்று அவர்களும் பின்னால் சொல்லவில்லை. கித்தான் கட்டிலோடு ஆறு பேர் தூக்கினார்கள். எவரிஸ்தோ முன்னால். அறுநூற்றுப் பத்து மீட்டர், நிழல் இல்லாத உப்புத் தரை. பாதியில் ஒருவன் செருப்பு அறுந்து, வெறுங்காலோடு ஓடினான்; உள்ளங்கால் கொப்புளித்து மறுநாள் அவனால் நடக்க முடியவில்லை. இன்னொருவன் வாந்தியெடுத்து விழுந்தான். அவன் இடத்தில் அவன் மனைவி தோள் கொடுத்தாள். கூக்கா பக்கத்தில் ஓடிக்கொண்டே தன் பாவாடையின் ஈர விளிம்பைப் புருஷன் முகத்தில் பிழிந்தாள். எதுவும் வரவில்லை.

கால்வாயின் ஓட்டம் வேகமானது. வருஷத்துக்கு ஒருவரையாவது கொண்டுபோகும். எவரிஸ்தோ அளவுக் கயிற்றை லிப்ராதோவின் அக்குளில் சுற்றி, மறுமுனையைக் கரையிலிருந்த மதகுக் கம்பியில் கட்டினார். கூக்கா கழுத்தளவில் இறங்கி அவன் தலையைத் தோளில் வைத்துக்கொண்டாள். இரண்டு ஆண்கள் இறங்கி அவன் இடுப்பைப் பிடித்தார்கள். கூக்கா வார்த்தை வார்த்தையாகத் திட்டினாள்: தண்ணீரை, கம்பங்களை, ஆலை முதலாளியை, நபோரை, புருஷனை. "செத்தீன்னா கொன்னுடுவேன் கிழவா. கேக்குதா? கொன்னே போடுவேன்."

ஒன்றரைக்குக் காவல்காரன் மோட்டார் சைக்கிளில் வந்தான். "யாரு உங்களை இறங்கச் சொன்னா? வெளிய வாங்க!" என்று பெல்ட்டை உருவினான். எவரிஸ்தோ கரையில் ஏறி, உடைந்த பல்லோடு, சட்டை முழுக்க ரத்தத்தோடு, அவன் முன்னால் போய் நின்றார். பின்னால் இன்னும் நாலு பேர் கல் பொறுக்கினார்கள். காவல்காரன் வண்டியைத் திருப்பினான்.

மூன்று இருபதுக்கு லிப்ராதோ கண்ணைத் திறந்தான். வானத்தைப் பார்த்தான். இடுப்பைப் பிடித்திருந்தவனைப் பார்த்தான்.

"ஏண்டி," என்றான், நாக்குத் தடித்து, "கண்ட ஆம்பளையெல்லாம் ஏன் என்னைக் குளிப்பாட்டுறான்?"

கூக்கா அவன் தலைமுடியில் முகத்தை வைத்துக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியதைப் பார்த்தவர்கள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். ஆறு ஐம்பது வரை அவனை வெளியே எடுக்கவில்லை.

வியாழக்கிழமை காலை எட்டு நாற்பதுக்கு லாரி வந்தது. மேற்பார்வையாளர் இளவயசு, சுத்தமான தொப்பி. வரிசை நேராக இருந்தது. தென்மேற்குப் பந்தற்கால் பிடுங்கிய குழியிலேயே ஒரு கம்பத்தை நட்டார்கள்; புதிதாகத் தோண்டுகிற வேலை மிச்சம் என்றான் ஒரு தொழிலாளி. எவரிஸ்தோ வீங்கிய வாயோடு கேட்டார்:

"விளக்கு எப்ப எரியும்?"

"கம்பம் இப்ப. ஆகஸ்ட் கடைசியில கம்பி. மின்மாற்றி வரணுமே. செப்டம்பர்... அக்டோபர்னு வச்சுக்கங்க."

எவரிஸ்தோ தன் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். கூக்கா சுற்றிலும் பார்த்தாள், யாரை அடிப்பது என்று. இளவயசுத் தொப்பிக்காரனைப் பார்த்தாள். அவனுக்கு ஒன்றும் தெரியாது. பிறகு மண்வெட்டியை எடுத்து வீட்டுச் சுவரை ஒட்டி, தெருவில் படாமல், குழி தோண்டத் தொடங்கினாள். பத்து நிமிஷம் அவள் மட்டும் தோண்டினாள். பிறகு காதில் அடிபட்டவன் கடப்பாரை கொண்டுவந்தான்.

பத்தரை மணி பஸ்ஸில் தொமாசா வந்து இறங்கினாள். முந்தின நாள் உடை, தூங்காத முகம், ஏழரை மாத வயிறு. நேராகக் கூக்காவிடம் நடந்து வந்தாள்.

"வலது கண்ணு போச்சுங்க, கொமாத்ரே. இடது நிக்கும்னாங்க. யாரு கழுவினதுன்னு டாக்டர் கேட்டாரு. இன்னும் அஞ்சு நிமிஷம் விட்டிருந்தா ரெண்டும் போயிருக்கும்னாரு."

"ம்."

தொமாசா கையை ஓங்கிக் கூக்காவின் கன்னத்தில் அறைந்தாள். "இது போன கண்ணுக்குங்க. இது," இன்னொன்று, "என் பிள்ளையோட பெட்டிக்கு முன்னால நீங்க சொன்ன வார்த்தைக்கு."

கூக்கா மண்வெட்டியைக் கீழே போட்டாள். ஏழரை மாதக்காரியை அடிப்பதில்லை, முடியைப் பிடித்தாள். தொமாசாவும் பிடித்தாள். இருவரும் தலையோடு தலை முட்டிக்கொண்டு, புழுதியில் சுற்றிச் சுற்றி வந்தார்கள்.

"என் புருஷனைச் சாகவிட்டுட்டு உங்க புருஷனைக் கழுவினேங்க!"

"யாருங்க கழுவச் சொன்னா உங்களை?"

"வயித்தைப் பாத்து வாங்க, கீழ உத்திரம் கெடக்குது!"

"உங்க காலைப் பாருங்க மொதல்ல!"

பிரித்துவிட யாரும் நெருங்கவில்லை. தொப்பிக்காரன் ஓட்டுநரிடம் ஏதோ கேட்டான். அவன் தோளைக் குலுக்கினான்.

பதினொன்று ஐந்துக்கு லிப்ராதோ உள்ளேயிருந்து கத்தினான். "உங்க சண்டை முடிஞ்சுதா, இல்ல நான் இன்னும் கொஞ்சம் வேகட்டுமா? இங்க முப்பத்தெட்டு ஆச்சு!"

கூக்காவின் கை முதலில் தளர்ந்தது. தொமாசா வாயிலிருந்து ஒரு முடிக்கற்றையைத் துப்பினாள். இரண்டு பேரும் உள்ளே போனார்கள். கித்தான் கட்டிலின் தலைப்பக்கத்தைத் தொமாசா பிடிக்கப் போனாள்.

"அது கனம். கால்பக்கம் வாங்க," என்றாள் கூக்கா.

"எனக்குத் தெரியும்," என்று தொமாசா தலைப்பக்கத்தையே பிடித்தாள்.

"ரெண்டு பேருக்கும் தெரியும்," என்றான் லிப்ராதோ. "தூக்குங்க."

கடப்பாரைக்காரனும் இன்னும் மூன்று பேரும் வந்து தோள் கொடுத்தார்கள். கால்வாய்க்குப் புறப்பட்டார்கள். புதுக் கம்பங்களுக்குக் கீழே நிழல் ஒரு சாண் அகலம்தான் இருந்தது. ஒவ்வொன்றையும் கடக்கும்போது தொமாசா கட்டிலைக் கொஞ்சம் சாய்த்து, அந்தச் சாண் நிழல் அவன் முகத்தில் விழுகிறதா என்று பார்த்தாள்.